சிலைக்கு உறை போடுகிறவர்

ஏணியை எப்போதும் சிலையின் முதுகுப் பக்கமாகத்தான் சாய்ப்பார் மாரப்பன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுவார். சிமென்ட் தோள் எட்டும் உயரத்துக்கு வந்ததும் நின்று, "மூடிக்கலாங்களா சாமி?" என்று கேட்பார். வாயில் எந்நேரமும் கிடக்கும் கிராம்பை ஒரு முறை கடித்து முடிக்கும் வரை காத்திருப்பார். பிறகு "சரிங்க" என்று தானே சொல்லிக்கொண்டு, சுருட்டி வைத்த துணியைத் தலைவரின் தலைவழியே மாட்டிக் கீழே இறக்குவார். அந்தச் 'சரிங்க' யாருடைய பதிலுக்குப் பதில் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

பெருமாநல்லூர் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சியில் மாரப்பன் தினக்கூலி. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். காலையில் குடிதண்ணீர் வால்வைத் திறப்பதும், பொழுது சாய்ந்தால் தெருவிளக்கு சுவிட்சைப் போடுவதும் அன்றாட வேலை. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் வேறொரு வேலை வந்து சேரும். விதிமுறைப்படி பொது இடத்தில் எந்தத் தலைவரின் முகமும் தெரியக்கூடாது. சிலையை மூட வேண்டும், அலுவலகத்துப் படத்தைக் கழற்ற வேண்டும், சுவரில் எழுதிய வாசகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மற்ற ஊர்களில் கோணியையோ பழைய வேட்டியையோ சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த ஊரில் மட்டும் சிலைக்கு அளவெடுத்து உறை தைக்கிறார்கள், அதாவது மாரப்பன் தைக்கிறார்.

காரணம் இருக்கிறது. பேரூராட்சிக்கு வருவதற்கு முன்னால் பக்கத்து ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் அவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் வந்ததால் வெளியே வந்தார். கை மட்டும் அந்த வேலையை விடவில்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. அதில் ஊரில் உள்ள மூன்று சிலைகளுக்கும் நெஞ்சு, தோள், கழுத்து, உயரம் என்று அங்குலக் கணக்கில் அளவு எழுதி வைத்திருக்கிறார். "எக்ஸெல்லு, டபுள் எக்ஸெல்லு எல்லாம் பத்தாதுங்க. தலைவருகளுக்கு எப்பவுமே ஸ்பெசல் சைஸுதான்" என்பார் சிரிக்காமல்.

மூன்றில் பெரியது கடைவீதி முக்கில், ரேஷன் கடைக்கு எதிரே நிற்கும் ஏழடிச் சிலை. நெஞ்சோடு ஒரு புத்தகத்தை அணைத்துக்கொண்டு நிற்கிற இவரை ஊரே 'அய்யா' என்கிறது. இந்த ஊர்க்காரர், ஜெயிலுக்குப் போனவர், செத்து முப்பது வருடம் ஆகிறது. ஆளும் கட்சிக்கும் அவர்தான் வழிகாட்டி, எதிர்க்கட்சிக்கும் அவர்தான் வழிகாட்டி. கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் இந்த ஊரில் முதல் மாலை அய்யாவுக்கு. 'அய்யா காட்டிய வழியில்' என்று ஆரம்பிக்காத மேடைப் பேச்சு இங்கே கிடையாது. அந்த வழி எது என்று யாராவது கேட்டால் இரண்டு கட்சிக்கும் தர்மசங்கடம் ஆகிவிடும். நல்லவேளையாக யாரும் கேட்பதில்லை.

நான் உண்மையில் வேட்பாளர் ஒருவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதத்தான் 2006 மார்ச்சில் அங்கே போனேன். வேட்பாளர் மூன்று நாள் என்னைக் காக்க வைத்தார். காத்திருந்த நேரத்தில் மாரப்பன் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்பாளரை அதோடு விட்டுவிட்டு, முடிவு வரும் வரை அந்த ஊருக்கே போய் வந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாவது வரை படித்தவர் மாரப்பன். அடிப்பதற்கு முன் சுவரில் இருப்பதை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படிப்பார். 'இது உங்கள் அரசு.' 'பொற்காலம் தொடரட்டும்.' படித்து முடித்த பிறகுதான் பூச்சு மட்டை சுண்ணாம்பு வாளிக்குள் போகும். "இதையெல்லாம் நம்புவீர்களா?" என்று கேட்டேன். என்னைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார். "செவுத்துல எழுதியிருக்குதுங்களே. நாலு பேரு பாக்கற எடத்துல பொய்யா எழுதுவாங்க?" என்றார். போன ஆட்சி எழுதியதையும் நம்பியிருக்கிறார், அதற்கு முந்தைய ஆட்சி எழுதியதையும் நம்பியிருக்கிறார். மழை பெய்து சுண்ணாம்பு நனைந்தால் அடியில் உள்ள பழைய வாசகங்கள் ஒவ்வொன்றாக மேலே தெரியும். இருபது வருடத்து அரசாங்கங்கள் ஒரே சுவரில் சேர்ந்து நின்று 'இது உங்கள் அரசு' என்று சொல்வதை நானே பார்த்தேன். வாசகம் ஒன்றுதான், கீழே இருந்த பெயர்கள் வேறு. எனக்கு அது பிடிக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அலுவலகத்தில் இன்னொன்று. செயல் அலுவலரின் தலைக்கு மேலே மாட்டியிருந்த படத்தைக் கழற்றிவிட்டார்கள். படம் இருந்த இடம் மட்டும் புகை படாமல் வெளுப்பாக, நீள்சதுரமாகத் தெரிந்தது. விதவை உதவித்தொகை கேட்டு ரங்காத்தாள் என்ற பெண் வந்தாள். பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவள், அனுப்பர்பாளையத்திலிருந்து இங்கே குடிவந்தவள். மனுவை மேசையில் வைத்தவள், அலுவலரைப் பார்க்காமல் அந்த வெளுத்த இடத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "என்ற ஊட்டுக்காரர் போயி மூணு வருசமாச்சுங்க சாமி. ரெண்டு புள்ளைகளை வெச்சுட்டிருக்கறனுங்க" என்று சுவரிடமே சொன்னாள். செயல் அலுவலர் ஞானசம்பந்தம் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவர் உள்ளே வரும்போது கவனித்தேன். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அவருடைய தலையும் அந்த நீள்சதுரத்தின் பக்கம் அரை அங்குலம் தாழ்ந்து நிமிர்ந்தது.

மாரப்பனும் அதைக் கவனித்திருக்க வேண்டும். வால்வைத் திருகிக்கொண்டே ஒரு காலையில் என்னிடம் கேட்டார். "ஏனுங்க, எல்லா மொகத்தையும் மூடியாச்சு. இப்ப ஆருங்க ஆளறது?" சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கிறது, சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, குழாயில் தண்ணீர் ஏறும் சத்தத்தைக் காட்டி, "ஆரும் இல்லாமயே தண்ணி வருதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத வெளிய சொல்லீறாதீங்க" என்றார்.

அவர் பயப்படக் காரணம் உண்டு. பதினேழு வருடம் தினக்கூலியாக இருந்துவிட்டு, அவரை நிரந்தரமாக்கச் சொல்லும் ஃபைல் ஜனவரியில்தான் மேலே போயிருந்தது. இதற்கு முன் இரண்டு தடவை போய், ஆட்சி மாறியதில் இரண்டு தடவையும் திரும்பி வந்த ஃபைல். இந்தத் தடவை தவறினால் வயது தாண்டிவிடும். அதற்குப் பிறகு கிடையாது. "தேர்தல் முடிந்ததும் ஆர்டர் வந்துவிடும். அதுவரைக்கும் உன் பேரில் ஒரு புகார் வரக்கூடாது" என்று ஞானசம்பந்தம் சொல்லி வைத்திருந்தார்.

புகார் துணியிலிருந்து வந்தது.

அறிவிப்பு அந்த வருடம் எதிர்பார்த்ததைவிட முன்னால் வந்துவிட்டது. அய்யா சிலைக்கு அப்போதுதான் ஆளுங்கட்சிக்காரர்கள் அவசரமாகப் புது பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர் நல்லானுக்கு ஒரு வழக்கம். சாமி சிலையானாலும் தலைவர் சிலையானாலும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவான். அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அய்யாவுக்குக் கண் எழுதி முடித்தான். பழைய கண்ணைவிடக் கொஞ்சம் பெரிசாக, எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பதாக எழுதியிருந்தான். நாலு மணிக்கு அறிவிப்பு. ஆறு மணிக்குள் சிலை மூடியிருக்க வேண்டும் என்று உத்தரவு.

மாரப்பனிடம் பழைய உறை இல்லை, எலி கடித்துவிட்டிருந்தது. அவர் மனைவி அமராவதி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். அங்கே சாயம் சரியாக ஏறாமல் ஒதுக்கிப்போட்ட துணியில் பத்து மீட்டர் கேட்டு வாங்கி வந்தார். நிட்டிங் மிஷினிலிருந்து குழாயாகவே வருகிற துணி. பக்கத்தில் தையலே வேண்டாம், மேல்பக்கத்தை மட்டும் மூடித் தைத்தால் உறை தயார். சந்தனமும் இல்லாத, தோல் நிறமும் இல்லாத ஒரு நிறம். லைக்ரா கலந்தது. இழுத்தால் நீளும், விட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். "அது வெளிநாட்டுப் பொம்பளைக காலுக்குப் போடறதுக்கு வந்த துணிங்க. இவரு அதைக் கொண்டுபோயி அய்யா தலைல மாட்டியுட்டாரு" என்று அமராவதி பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தார். பதினேழு வருட அனுபவத்தில் மாரப்பன் நெஞ்சளவு பார்த்தார், உயரம் பார்த்தார். பெயிண்ட் காய்ந்ததா என்று மட்டும் பார்க்கவில்லை. துணியை வெட்டுகிற அவசரத்தில் எந்தக் கட்டிங் மாஸ்டரும் அடியில் உள்ள மேசையைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் கோடை மழை பெய்தது. மறுநாள் காலையில் ஷிஃப்ட் வேனுக்கு ஓடிக்கொண்டிருந்த பெண்கள் சிலைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நனைந்த துணி முகத்தோடு ஒட்டியிருந்தது. மூக்கு, உதடு, மீசையின் இரண்டு முனை, கண்குழி எல்லாம் தெரிந்தன. கீழிருந்து காற்று குழாய்க்குள் ஏறும்போது துணி வாய்ப்பக்கம் மெல்ல உப்பும். காற்று நின்றால் உள்ளே ஒட்டும். மறுபடி உப்பும். துணியின் தன்மை அது, காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மூச்சோடு என் மூச்சும் சேர்ந்து போக ஆரம்பித்ததை உணர்ந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டடி பின்வாங்கிவிட்டேன்.

மூடாத அய்யாவைக் காக்கைகளைத் தவிர யாரும் கண்டுகொண்டதில்லை. மூடிய அய்யாவுக்கு முன்னால் ஜனங்கள் செருப்பைக் கழற்றினார்கள். இரண்டு நாளில் பீடத்தில் எலுமிச்சம்பழம் வந்தது, குங்குமம் வந்தது. எதிரே ரேஷன் கடையில் எப்போதும் முண்டியடிக்கிற கூட்டம் கோடு போட்ட வரிசையாக நின்றது. எடைபோடுகிறவர் தராசை இரண்டு முறை பார்த்துப் போட்டார். "உள்ள இருந்து பாத்துட்டிருக்காருங்க" என்று ரங்காத்தாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். தன் மனுவின் நகல் ஒன்றையும் பீடத்தில் கல்லை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். இப்படி ஒரு பணிவை வாங்க அரசாங்கங்கள் எத்தனை சுவர், எத்தனை பெயிண்ட் செலவழிக்கின்றன. பத்து மீட்டர் கழிவுத் துணி அதைச் சும்மா செய்துவிட்டது.

மூன்றாம் நாள் ஒரே காலையில் இரண்டு புகார் வந்தது. சிலையை உயிரோடு இருப்பதாகக் காட்டிப் பிரசாரம் செய்கிறார்கள் என்று எதிர்க்கட்சி எழுதியிருந்தது. பிணத்துக்குத் துணி போர்த்திய கோலத்தில் அய்யாவை அவமதித்துவிட்டார்கள் என்று ஆளுங்கட்சி எழுதியிருந்தது. தேர்தல் அதிகாரிகள் ஜீப்பில் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஞானசம்பந்தம் சத்தம் போடவில்லை. "மாரப்பா, உன் ஃபைலை நான் மேலே அனுப்பியிருக்கிறேன். இன்னொரு தடவை உன் பேர் அடிபட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். அந்தத் துணியை எடுத்துவிட்டுக் கனமான தார்ப்பாய் போடச் சொன்னார். மாரப்பன் ஏறினார். கேட்டார், காத்திருந்தார். துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். இறங்கி வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "வர மாட்டீங்குதுங்க. உள்ள புடிச்சுட்டிருக்குது." பிறகு துணியை எடுக்காமலே அதன் மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டினார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் கடைவீதி வழியாகப் போகவில்லை. தெருவிளக்கு சுவிட்சுக்குப் பின்சந்து வழியாகச் சுற்றிப் போனார்.

மே மாதம் முடிவு வந்தது. ஆட்சி மாறியது. அலுவலகத்தில் அதே ஆணியில் வேறொரு படம் ஏறியது. புதுப்படம் கொஞ்சம் சின்னது, அதனால் சுற்றிலும் பழைய வெளுப்பு ஒரு விரற்கடை தெரிந்தது. வென்ற கட்சிக்காரர்கள் அய்யாவுக்கு மாலை போட வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். காலை ஒன்பது மணிக்கு விழா. ஆறு மணிக்கு மாரப்பன் ஏணியோடு வந்தார். கீழே பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருந்தார்.

தார்ப்பாய் சுலபமாக வந்தது. துணி வரவில்லை. முழங்கால், இடுப்பு, புத்தகம் வரைக்கும் சுருண்டு ஏறிய துணி முகத்தில் நின்றுவிட்டது. "தொறந்துக்கலாங்களா சாமி?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு இரண்டு கையாலும் மெதுவாக உரித்தார். காய்ந்த புண்ணிலிருந்து கட்டுத்துணியை எடுக்கும் சத்தம் கேட்டது. துணி என் தலைக்கு மேலே தொங்கித் திரும்பியது, அதன் உள்பக்கத்திலிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. நல்லான் எழுதிய அதே பெரிய கண்கள், கருவிழியும் புருவமும் ஒன்று குறையாமல் துணியில் இருந்தன. மேலே சிலையில் மீசை இருந்தது, மூக்கு இருந்தது. கண் இருந்த இரண்டு இடத்திலும் அடிப்பூச்சின் வெள்ளை மட்டும் இருந்தது.

மாரப்பன் இறங்கிவந்து பீடத்தின் மேல் உட்கார்ந்தார். நல்லானுக்குப் போன் போட்டேன், ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். "ஒரு கரிக்கோடாவது நீங்களே இழுத்துவிடுங்கள், மூன்று மணி நேரம் இருக்கிறது" என்றேன். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டினார். "கண்ணு தொறக்கறது நம்ம வேலை இல்லீங்க. நாம்ப மூடறவுங்க." துணியைக் கண் உள்ளே இருக்கும்படி, பெட்டியில் அடுக்கப்போகும் பனியன் கணக்காக நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். "இன்னைக்கோட என்ற ஆர்டர் போச்சுங்க" என்றார். அழவில்லை.

எட்டரைக்கு ஞானசம்பந்தம் வந்தார். மாரப்பன் நேராக அவரிடம் போனார். ஒளிக்கிற மனிதர் அல்ல. "ஏனுங்க, சித்த மேல பாருங்க" என்றார். ஞானசம்பந்தம் நிமிர்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். நான் அவர் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன், அவர் பார்வை சிலையின் முகத்தில் போய் நின்றது. "பளிச்சென்று இருக்கிறது மாரப்பா. பரவாயில்லை, உன் ஃபைலைப் புது ஆட்களிடம் நானே பேசுகிறேன்" என்றார். பிறகு நாற்காலி போடுகிறவர்களை நோக்கிப் போய்விட்டார்.

ஒன்பதரைக்குக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். பட்டாசு வெடித்தது. ஊர்ப் பிரமுகர் மேடையேறி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே மாலையைச் சிலையின் கழுத்தில் போட்டார். முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். பாதிப்பேர் அண்ணாந்துதான் நின்றார்கள். இரண்டு வெள்ளைக் குழிகளோடு அய்யா மாலையில் நின்றார், ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. ரங்காத்தாளைத் தேடினேன். அவளும் கைகூப்பிக்கொண்டு சிலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த ஊரில் கண்ணில்லாத சிலையைவிட எனக்கு அதிகப் பயம் தந்தது அந்தப் பார்வைகள்தான்.

பிரமுகர் மைக்கைப் பிடித்தார். "அய்யா காட்டிய வழியில் இது உங்கள் அரசு" என்று ஆரம்பித்தார். "அய்யா எங்கும் போகவில்லை. இதோ, இந்த நிமிஷமும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்றார். கூட்டம் கை தட்டியது.

மாரப்பன் என் பக்கத்தில் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மஞ்சள் பையை மார்போடு தூக்கிப் பிடித்து, உள்ளே கையை விட்டு, கண் வெளியே தெரியும்படி துணியின் ஒரு மடிப்பை விரித்தார். பையின் வாயை மேடைப் பக்கமாகத் திருப்பி, வெயில் அடிக்காமல் அதன் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கங்க சாமி" என்றார்.